எக்ஸ் 3 காரும் என் ஏழாவது குறிப்பும்

யாழ்ப்பாணத்துக்கு நான் கொண்டுபோன பெட்டியின் எடை ஆறரை கிலோ. உடைகள் மூன்று கிலோ. மீதி மூன்றரை கிலோவும் கருவிகள்: அளவுகோல்கள், பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், கைவிளக்கு, மெல்லிய தூரிகைகள். ஆனால் காரியத்தைத் தீர்மானித்தது பெட்டியில் இருந்த எதுவும் அல்ல. எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்த, நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதம்தான்.

கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். இருபது ஆண்டுகளாக, விடுமுறை நாட்களில், பழைய கார்களை அடையாளம் கண்டு அறிக்கை எழுதித் தருவது என் இன்னொரு வேலை. எங்கள் ஊரில் பழைய கார் வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் அது ஒரு ஜமீன்தார் ஓட்டியது என்பார். நான் போய், சட்டத்தில் பதித்த சேசிஸ் எண்ணைப் பார்த்து, அது ஒரு பல் டாக்டர் ஓட்டியது என்று எழுதிக் கொடுப்பேன். அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.

யாழ்ப்பாண வேலை இங்கிலாந்திலிருந்து வந்தது. ஐம்பதுகளில் பந்தயக் கார்கள் செய்து, பிறகு மூடப்பட்ட ஒரு சிறிய தொழிற்சாலை. அதன் கார்களை இன்றும் வைத்திருப்பவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, எந்தக் கார் எங்கே இருக்கிறது என்று பதிவேடு வைத்திருக்கிறார்கள். விற்பனையைத் தொடங்குமுன் அந்தத் தொழிற்சாலை மூன்று மாதிரிக் கார்களைச் செய்து பார்த்தது. எக்ஸ் 1, எக்ஸ் 2, எக்ஸ் 3. முதல் இரண்டும் இங்கிலாந்திலேயே இருக்கின்றன. மூன்றாவது, மலைப்பாதையில் பந்தயம் ஓட ஆசைப்பட்ட ஒரு தேயிலைத் தோட்டத் துரையோடு இலங்கைக்குக் கப்பல் ஏறியது. பதிவேட்டில் அதன் வரி இப்படி இருந்தது: "எக்ஸ் 3. யாழ்ப்பாணம், அளவெட்டி. உரிமையாளர் செல்லத்துரை?"

அந்தக் கேள்விக்குறியை எடுக்கலாமா என்று பார்க்கத்தான் போனேன்.

முதல் நாள், வெள்ளி

விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வசந்தன் வந்திருந்தார். காலமாகிவிட்ட செல்லத்துரையின் பேரன், அளவெட்டியில் கார் பழுதுபார்க்கும் கராச் வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கைகுலுக்குமுன் கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். அவருடைய வண்டி ஒரு சாம்பல் நிற ஏ-40. எங்கள் ஊரில் அது கண்காட்சிக்கு வரும் கார். இங்கே வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறது.

"அண்ணை, கதவை மெதுவாச் சாத்துங்கோ" என்றார். "பலமாச் சாத்தினா மற்றப் பக்கக் கதவு திறபடும்."

மெதுவாகத்தான் சாத்தினேன். அப்படியும் மற்றக் கதவு திறந்தது.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றுவிட்டது. வசந்தன் இறங்கி மூடியைத் திறந்தார். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"என்ன வசந்தன், ஆஸ்பத்திரிக்கு முன்னால நிக்கிறாய்? நோயாளியைக் கொண்டுவந்தனியோ?"

"கார்தான் நோயாளி. வாட்டில கட்டில் கிடக்கோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

இருபத்திரண்டு நிமிடம் நின்றோம். பெட்ரோல் வராத போர்க் காலத்தில் இந்தக் கார் ஆண்டுக்கணக்கில் மண்ணெண்ணெயில் ஓடியது என்று வசந்தன் சொன்னார். மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெட்ரோல் வைத்துக்கொண்டு, நாலு துளி விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். "அப்ப ஒருநாளும் வழியில நிண்டதில்லை அண்ணை. பெற்றோல் குடுக்கத் துடங்கினாப் பிறகுதான் இதுக்குப் பஞ்சி பிடிச்சது." சோம்பலைப் பஞ்சி என்கிறார்கள். குறித்துக்கொண்டேன்.

பரமேஸ்வரி அக்கா வாசலில் நின்றார். செல்லத்துரையின் மகள், வசந்தனுக்கு அத்தை, அங்கே மாமி என்கிறார்கள். எழுபதைத் தாண்டியவர், கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், திருமணம் செய்துகொள்ளவில்லை, தகப்பனின் வீட்டில் தனியாக இருக்கிறார். சங்கத்துக்குக் கடிதம் எழுதி, பதிவேட்டில் அந்தக் கேள்விக்குறியையாவது போட வைத்தவர் அவர்தான்.

"வாங்கோ தம்பி. முதல்ல சாப்பாடு. கார் ஓடாது" என்றார். பிறகு தானே சிரித்தார். "மெய்யாவே ஓடாது."

வெள்ளிக்கிழமை ஆகையால் மரக்கறிச் சாப்பாடு. கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, பொரித்த மோர் மிளகாய். கடைசியில் மஞ்சள் நிறத்தில் சொதி ஊற்றினார்கள். நான் ரசம் வரும் என்று காத்திருந்தேன். சொதிதான் அங்கே ரசம் இருக்கும் இடத்தில் இருக்கிறது என்று தெரிய எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

கை கழுவ வெளியே வந்தபோது, கிளுவை வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி. பக்கத்து வீட்டுக் கந்தையா.

"இந்தியாவில இருந்தோ? செல்லத்துரையண்ணையின்ரை கார் பாக்கவோ?" என்று கேட்டார். "அந்தாளை நம்பியோ வந்தனீங்கள்? சந்திரனில இறங்கினவனுக்கும் தன்ரை கராச்சிலதான் ரயர் மாத்தினது எண்டு சொல்லுற ஆள். ஊரில புளுகர் எண்டாத்தான் ஆளைத் தெரியும்."

"கந்தையாண்ணை, வேலி பொது. தலை உங்கடை. அதை உங்கடை பக்கத்திலேயே வைச்சிருங்கோ" என்றார் அக்கா.

"வாற மாசம் மகளிட்டைக் கனடாவுக்குப் போறன். அதுவரைக்கும் பாத்துக்கொண்டுதான் நிப்பன்."

கொட்டகைக்குள் போனோம். வசந்தன் காரை மூடியிருந்த படங்குத் துணியை இழுத்தார்.

எனக்கு முதலில் தெரிந்தது பச்சை நிறம். புத்தம் புதிய, மினுங்கும் பச்சை. தோலுரித்த கார் அது. உடல் தகடுகள் இல்லை, இயந்திரம் இல்லை. குழாய்களால் ஆன சட்டமும், நாலு சக்கரமும், ஓட்டுநர் இருக்கையின் தொட்டியும் மட்டும். அந்தச் சட்டம் முழுவதையும் தேய்த்து, மூட்டுகளில் பட்டி பூசிச் சமப்படுத்தி, பச்சை அடித்திருந்தார்கள். வலது முன்குழாயில், தொழிற்சாலை எண் இருக்க வேண்டிய இடத்தில், எக்ஸ் 3 என்று நேராக, ஒரே ஆழத்தில் பதித்து, பள்ளங்களுக்குள் வெள்ளை நிறம் நிரப்பியிருந்தது. பத்தடி தூரத்திலிருந்தே படிக்கலாம்.

"இது எப்போ அடிச்சதுங்க?" என்று கேட்டேன்.

"போன கிழமை" என்றார் வசந்தன். கிழமை என்றால் அங்கே வாரம். அவர் குரலில் மகிழ்ச்சி இருந்தது. "உங்கடை கடிதம் கராச் சுவரில ஒட்டியிருக்கு அண்ணை. பதினொரு குறிப்பு. ஒவ்வொண்டாச் செய்து சரி போட்டனான். ஏழாவதுக்குத்தான் ரெண்டு நாள் எடுத்தது."

ஏழாவது குறிப்பு எனக்கு மனப்பாடம். "சேசிஸ் எண் இருக்கும் இடம், நான் வரும்போது தெளிவாகப் படிக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்."

அவர் விளக்கினார். முன்பு கைப்பேசியில் எனக்கு அனுப்பிய படத்தில் எண் துருவுக்குள் மங்கிக் கிடந்தது. நானும் 'படிக்க முடியவில்லை' என்று பதில் போட்டிருந்தேன். ஆகவே கிரைண்டரால் அந்த இடத்தைத் தேய்த்து, தாத்தா கார்க் கணக்கு எழுதிவைத்த கொப்பியில், அதாவது நோட்டில், இருந்த எண்ணைப் பார்த்து, அதே இடத்தில் அதே எண்ணைப் புதிதாக அடித்துவிட்டார்.

"வாகன எண்ணைத் திருப்பி அடிக்கறது..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"இஞ்சை அது வழமை அண்ணை. உப்புக் காத்து, நம்பரைத் திண்டிடும். அந்த நாளையில சென்றியில காரை மறிச்சு, கார்ப் பதிவுக் கொப்பியில உள்ள நம்பரும் சேசிஸில உள்ள நம்பரும் சரியோ எண்டு பாப்பாங்கள். வாசிக்கேலாமக் கிடந்தா மறிச்சு வைச்சிடுவாங்கள். அப்ப ஊர்க் காருகள் எல்லாத்துக்கும் அப்பப்பாவும் நானும்தான் நம்பரைத் திருப்பி அடிச்சுக் குடுத்தது. களவு இல்லை. இருந்த நம்பரைத்தான் அடிக்கிறது."

சோதனைச் சாவடியைச் சென்றி என்கிறார்கள். படிக்க முடியாத எண் ஆளை நடுத்தெருவில் நிறுத்திவிடும் ஊரில், எண்ணைத் தெளிவாக்குவது நேர்மையான வேலை. என் தொழிலிலோ, திருப்பி அடித்த எண் என்றால் அதோடு கார் முடிந்தது. போலிகள் எல்லாம் அப்படித்தான் பிறக்கின்றன. சங்கத்தின் விதியும் அதுதான்: எண் திருப்பி அடிக்கப்பட்ட கார் பதிவேட்டில் ஏறாது.

என் கடிதத்தில் பதினொரு குறிப்புகள் இருந்தன. எந்தத் திசையில் வெளிச்சம் வேண்டும் என்றுகூட எழுதியிருந்தேன். 'எதையும் தொடாதீர்கள்' என்ற ஒரு வரி இல்லை. அது சொல்லாமலே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பிற்பகல் 3.10. தண்ணீர் கேட்டுக் குடித்தேன். "நாளைக்குப் பார்க்கலாமுங்க" என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தப்பாகக் கணக்குப் போடும்போது பார்த்துப் பழகிய பார்வை.

இரண்டாம் நாள், சனி

காலையில் புட்டும் சம்பலும். இதே புட்டைக் கேரளத்தில் பழத்தோடு தின்றிருக்கிறேன். இங்கே உறைப்பான சம்பலோடு தின்று கண் கலங்கினேன். அக்கா அதை வேறு காரணத்துக்காக என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு கோப்பைத் தேநீர் வைத்தார்.

வசந்தனிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. திருப்பி அடித்த எண்ணை அந்தச் சங்கம் ஏற்காது, பழைய எண்ணின் தடம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். அவர் கராச்சுக்குப் போய்ப் பழைய பாட்டரி ஒன்றிலிருந்து அமிலம் எடுத்துக்கொண்டு வந்தார்.

எண் பதித்த இரும்பு, மேலே தேய்த்துவிட்டாலும் அடியில் நெருக்கப்பட்டே இருக்கும். அமிலம் பட்டால் அந்த இடம் மட்டும் வேறு விதமாக அரிக்கும்; தேய்த்த எண் சில நேரம் நிழல்போல் எழுந்து வரும். பொள்ளாச்சியிலும் ஊட்டியிலும் எனக்கு வந்திருக்கிறது. தூரிகையால் துளித்துளியாகத் தடவினேன். எங்கோ இரண்டு வளவு தள்ளி ஒருவர் தவில் பழகிக்கொண்டிருந்தார். ஒரே சொல்லை நாற்பது முறை வாசித்தார். நானும் ஒரே இடத்தை நாற்பது முறை தடவினேன்.

ஒன்றும் எழவில்லை. வசந்தன் கைநேர்த்தியான வேலைக்காரர். பழைய எண் இருந்த இடத்திலேயே, மயிரிழை விலகாமல், அதைவிட ஆழமாகப் புதியதை அடித்திருந்தார். கொஞ்சம் கோணலாக அடித்திருந்தால் பழையது பக்கத்தில் தெரிந்திருக்கும்.

பிறகு மூட்டுகளைப் பார்த்தேன். ஓர் இடத்தில் பட்டியைச் சுரண்டினேன். அடியில் மஞ்சள்: பித்தளை ஒட்டு. மாதிரிக் கார்களில் அப்படித்தான் ஒட்டினார்கள். ஆனால் முதலில் விற்ற சில கார்களிலும் அப்படி ஒட்டியிருக்கிறார்கள். அது போதாது.

அக்கா தகப்பனின் கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். நீல மை, சாய்ந்த எழுத்து. காரை வாங்கிய நாளிலிருந்து மாற்றிய ஒவ்வொரு ஆணியும் எழுதியிருந்தது. நான் எழுதும் கொப்பிகளும் இப்படித்தான் இருக்கும். மூன்றாம் பக்கத்தில் ஒரு குறிப்பு: "வலப்பக்கக் குழாயில் ஒரு ஓட்டை. அடைத்திருக்கிறது. அடைத்தது நான் இல்லை, அவர்கள்."

எழுந்து போய் அந்த இடத்திலும் பட்டியைச் சுரண்டினேன். ஓட்டை இருந்தது. பித்தளையால் அடைத்து, உள்பக்கம் அரத்தால் ராவியிருந்தது. கியர்த் தண்டை வலப்பக்கம் வெளியே வைக்கலாமா என்று தொழிற்சாலை ஒரே ஒரு காரில், எக்ஸ் 3-ல், ஓட்டை போட்டு முயன்று பார்த்துக் கைவிட்டது. சங்கச் செயலாளர் எனக்கு மட்டும் அனுப்பிய பழைய வரைபடத்தில் அது இருக்கிறது, எங்கும் அச்சாகவில்லை. செல்லத்துரைக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. அவர் பார்த்ததை எழுதியிருக்கிறார். அவ்வளவுதான்.

ஓட்டையை இரண்டு முறை அளந்தேன். ஆனாலும், ஓட்டையை எவரும் போடலாம், எவரும் அடைக்கலாம் என்று செயலாளர் சொல்வார். எண் வேண்டும்.

வேலிக்கு மேலே தலை தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"புளுகற்றை கொப்பியைப் பாத்து, புளுகற்றை பேரன் அடிச்ச நம்பர்" என்றார் கந்தையா. "இதைப் பாக்க இந்தியாவில இருந்து ஒரு ஆள்!"

வசந்தன் கையில் இருந்த துணியைக் கீழே போட்டார். அக்கா அவர் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"தம்பி, எனக்குக் கார் வேண்டாம். சங்கத்துக்காரரே கொண்டு போகட்டும்" என்றார். "இடம்பெயரேக்கை எல்லாரும் அரிசியும் பாயும் கொண்டு போனவை. ஐயா இந்தக் காரை மாட்டு வண்டிலுக்குப் பின்னால கட்டி இழுத்துக்கொண்டு வந்தவர். ரேஸ் கார், மாடு போற வேகத்தில. சனம் அந்தக் கஷ்டத்திலயும் சிரிச்சது. எனக்கு வெக்கம். நான் நாலு வண்டில் தள்ளி நடந்தனான், வேறை ஆரோ ஒருத்தரின்ரை மகள் மாதிரி."

தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

"அவர் செத்து, பிரேதம் படலை தாண்டேக்கை, வேலிக் கரையில ஆரோ 'எக்ஸ் மூண்டு வெளிக்கிட்டிட்டுது' எண்டு சொல்லிச் சிரிச்சது என்ரை காதில விழுந்தது. ஆர் எண்டு கேளாதேங்கோ. அந்தப் பதிவேட்டில கேள்விக்குறி இல்லாமல் ஐயாவின்ரை பேர் கிடந்தா எனக்கு அது போதும்."

மூன்றாம் நாள், ஞாயிறு

இன்னொரு வழி இருந்தது. அந்தத் தொழிற்சாலை, காரின் எண்ணைப் பொன்னெட்டின், அதாவது இயந்திர மூடியின், உட்புறத்திலும் அடிக்கும். இடம்பெயர்ந்தபோது அந்த அலுமினியப் பொன்னெட் வண்டிலில் கடகடவென்று ஆடியதால், அரியாலையில் ஒரு சிநேகிதர் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போனார்களாம். மரியதாஸ், கடலோரக் களப்பில் மீன் பிடிப்பவர். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

ஏ-40 அன்று கிளம்பவே மறுத்தது. மினிபஸ்ஸில் போனோம். படியில் தொங்கிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து நடத்துநர், "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ. உள்ளுக்கு அரைப் பஸ் வெறுமையாக் கிடக்கு" என்றார். உள்ளே இருந்து ஒரு பெண், "அந்த அரைப் பஸ் எங்கை கிடக்கெண்டு காட்டு ராசா, நானும் போய் இருக்கிறன்" என்றார். பஸ் முழுவதும் சிரித்தது. வசந்தன் மட்டும் சிரிக்கவில்லை. முந்தின நாளிலிருந்து அவர் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. நான் ஒரு வெங்காய மூட்டையின்மேல் உட்கார்ந்து போனேன். காற்சட்டையில் செம்மண் ஒட்டியது. கோயம்புத்தூரில் இரண்டு முறை தோய்த்தும் போகவில்லை.

மரியதாஸுக்கு எண்பது வயது இருக்கலாம். வலை உலர்த்திக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"அது ஒரு வடிவான சாமான். வெய்யிலுக்கும் சுடாது, மழைக்கும் ஊறாது. கோழிக்குஞ்சு மூடி வைச்சனான்" என்றார். "பிறகு நாங்களும் ஓடினம். திரும்பி வரேக்கை வீட்டுக்குக் கூரையும் இல்லை, பொன்னெட்டும் இல்லை, கோழியும் இல்லை."

"உள்பக்கத்துல ஏதாவது எழுத்து இருந்துதுங்களா?" என்று கேட்டேன்.

"கிடந்தது. ஒரு சிலுவை. நான் வேதக்காரன் எண்டபடியால் வடிவா ஞாபகம். ஆனா நேராக் கிடக்கேல்லை, சரிஞ்சு கிடந்தது. அடிச்சவன் கவனமில்லாமல் அடிச்சிட்டான் எண்டு நினைச்சு, மூடேக்கை நான் அதை எப்பவும் கொஞ்சம் திருப்பித்தான் மூடுறது. சிலுவை நேராக் கிடக்கவேணுமெல்லோ."

"பக்கத்துல வேற ஏதாவது?"

"ஏதோ கிடந்தது. அது ஞாபகமில்லை."

சரிந்த சிலுவை. விற்பனைக்கு வந்த எந்தக் காரிலும் எக்ஸ் என்ற எழுத்து கிடையாது. அந்த மூன்றில் மட்டும்தான். இரண்டு இங்கிலாந்தில் இருக்கின்றன.

காலை 11.25. எனக்கிருந்த சந்தேகம் அந்த நிமிடத்தில் போய்விட்டது. ஒரு கோழிக்கூட்டைப் பற்றிய ஞாபகத்தை எந்தச் சங்கமும் ஆதாரமாக ஏற்காது என்பதும் அதே நிமிடத்தில் தெரிந்தது.

மரியதாஸ் வீட்டில் இறால் குழம்போடு சாப்பிட்டோம். அவ்வளவு நல்ல இறால் நான் சாப்பிட்டதில்லை. அதைச் சொல்லவும் மறந்துவிட்டேன்.

நான்காம் நாள், திங்கள்

காலையிலேயே புறப்பட வேண்டும். அக்கா எள்ளுருண்டையும், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் பொதி செய்து கொடுத்தார். ஒடியல் மாவை என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி, குறிப்புகளுக்கு எண் போட்டிருந்தார். ஐந்து குறிப்புகள். ஐந்தாவது: "அவசரப்பட வேண்டாம்."

வசந்தன் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அக்கா படலைக் கதவு வரை வந்தார். வேலிக்கு மேலே அந்தத் தலை, வழக்கமான இடத்தில்.

"தம்பி, அறிக்கை கிடக்கட்டும்" என்றார் அக்கா. குரலைத் தாழ்த்தவில்லை. "மூண்டு நாள் பாத்தனீங்கள். உங்கடை மனசுக்கு என்ன படுது? அது ஐயா சொன்ன கார்தானே?"

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பார்க்கப் போன இடத்தில் வாயால் எந்தக் கருத்தும் சொல்வதில்லை. ஒருமுறை பொள்ளாச்சியில் வாய்தவறி வந்த ஒரு வார்த்தையால் அண்ணனும் தம்பியும் ஓராண்டு பேசாமல் இருந்தார்கள். அன்றிலிருந்து எழுத்து மட்டும்தான்.

"நான் அப்படிச் சொல்றதில்லைங்க அக்கா" என்றேன். "அறிக்கையில எழுதி அனுப்பறேனுங்க."

"ஓம்" என்றார் அவர். "சரி தம்பி. கவனமாப் போயிட்டு வாங்கோ."

வேலியில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. கந்தையா. அவர் வேறெதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

விமான நிலையம் வரை கார் ஒரு முறையும் நிற்கவில்லை. நின்றிருந்தால் ஏதாவது பேசியிருப்போம். இறங்கும்போது வசந்தன் கேட்டார்: "நான் அடிச்சது பிழையே அண்ணை?"

"நான் எழுதினதுதான் பிழை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். கதவை மெதுவாகச் சாத்தினேன். மற்றக் கதவு திறந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஊருக்கு வந்த பின்

அறிக்கை ஒன்பது பக்கம். ஓட்டையைப் பற்றி இரண்டு பக்கம், மரியதாஸின் சிலுவையைப் பற்றி அரைப் பக்கம். எண் திருப்பி அடிக்கப்பட்டது என்பதையும், அது என் கடிதத்தின் ஏழாவது குறிப்பால் நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினேன். முடிவு: "உறுதிப்படுத்த இயலவில்லை."

செயலாளரின் பதில் மரியாதையாக இருந்தது. கொப்பியிலிருந்து பார்த்து அடித்த எண், எழுதியவரின் சொல்லைத் தவிர வேறெதையும் காட்டாது என்று எழுதியிருந்தார். விதி விதிதான். பதிவேட்டின் புதிய பிரதியையும் இணைத்திருந்தார். மூன்றாவது வரி மாறியிருந்தது: "எக்ஸ் 3. இருப்பிடம் தெரியவில்லை." கேள்விக்குறியை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் இருந்த பெயரும் போய்விட்டது. நான் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பெயர் சந்தேகத்தோடாவது அங்கே இருந்திருக்கும்.

அறிக்கையின் பிரதியை அக்காவுக்கு அனுப்ப உறை எடுத்தேன். இரண்டு நாள் அது மேசையில் கிடந்தது. மூன்றாம் நாள் ஒரு வெள்ளைத் தாளில், இருபது ஆண்டுகளில் முதல் முறையாக, ஆதாரம் இல்லாத ஒரு வாக்கியம் எழுதி உள்ளே வைத்தேன்.

"அக்கா, நான் பார்த்தது எக்ஸ் 3. உங்கள் அப்பா சொன்னது உண்மை. எனக்கு அதில் சந்தேகம் இல்லை."

கடிதம் போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று. ஒரு மாலை வசந்தனின் கைப்பேசியிலிருந்து குரல் பதிவு வந்தது. அக்காவின் குரல். பின்னால் ஏதோ ஒரு கோயிலின் நாதஸ்வரமும், பாத்திரம் கழுவும் சத்தமும் கேட்டன.

"தம்பி, உங்கடை கடிதம் கிடைச்சது. சந்தோசம். ரெண்டு தரம் வாசிச்சனான், வசந்தனுக்கும் வாசிச்சுக் காட்டினனான். அவன் அழுதிட்டான், விசரன். நான் ஐயாவின்ரை கொப்பிக்குள்ள வைச்சிருக்கிறன்."

பாத்திரச் சத்தம் நின்றது. பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஆனா இதைப் படலையடியில நிக்கேக்கையே சொல்லியிருக்கலாமே தம்பி. வேலிக்கு அங்கால கந்தையாண்ணைக்கும் கேட்டிருக்கும். அவர் போன கிழமை கனடாவுக்குப் போயிட்டார்."